கேஸ் பில் வந்த உறை

இரவுப் பணி முடிந்து வந்தவள்
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்காருகிறாள், வில்மா ஸ்டாஷக்.
ஈரி ஏரியிலிருந்து மூன்று நாளாக ஓயாத பனி.
மேசைமேல் கேஸ் பில் வந்த உறை.
அதன் பின்பக்கம்
மழுங்கிய பென்சிலால் நான்கு கோடு.

இடது முழங்கால்.
அது ஒன்றுதான்.
ஊசியில்லை, மருந்தில்லை,
இருபத்தைந்து நிமிடம் ஆடாமல் படுத்தால் போதும் என்று
டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.
எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு
சுவரோரம் தொங்கிய எலும்புக்கூட்டைப் பார்த்தார்.
அதற்கும் தெரியவில்லை.

முதலில் ஏரிக்கரை ஆஸ்பத்திரி.
ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, மறுபடி ஒன்று.
பியானோ. நடுநடுவே ஒரு குரல்
நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர் என்றது.
பதினெட்டு நிமிடம் முக்கியமாக இருந்தாள்.
பிறகு ஒரு பெண் வந்து
ஐந்து இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்றாள்.
விலையா?
இல்லை, முழங்காலின் எண்.
ஐம்பத்தெட்டு வருடம் கூடவே நடந்த காலுக்கு
எண் உண்டென்பதே வில்மாவுக்குத் தெரியாது.
சீட்டில் தேடிப் படித்தாள்.
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது டாலர்.
படத்தைப் பார்த்துச் சொல்பவருக்குத் தனி.
எவ்வளவு தனி?
அது பில் வந்தால்தான் தெரியும்.

அடுத்து, நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாகத் திறந்த இடம்.
ஆயிரத்து நூறிலிருந்து ஐயாயிரம் வரை என்றான் ஒரு பையன்.
தக்காளி விலையில்கூட
இவ்வளவு அகலம் பார்த்ததில்லை அவள்.
அகலத்தை அப்படியே எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது எண்ணை அழுத்துமுன்
எழுந்துபோய் காபி போட்டாள்.
அது அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி.
பதினோரு வருடமாக
அந்த அறையை அவள்தான் துடைக்கிறாள்.
இரும்பு வாளி ஆகாது, பிளாஸ்டிக் வாளி.
சாவிக்கொத்து, கொண்டை ஊசி, கல்யாண மோதிரம் எல்லாம் வெளியே.
ஆளில்லாத நேரத்திலும் அந்தக் காந்தம் தூங்காது;
உள்ளே ஒரு சிட்டுக்குருவி மாட்டிக்கொண்டதுபோல்
சிக் சிக் என்றிருக்கும்.
சில இரவுகளில் அதற்குக் குட்நைட்கூடச் சொல்லியிருக்கிறாள்.

எடுத்தவள் டெனீஸா.
கேன்டீன் வரிசையில் பழகிய குரல்.
வில்மா தன் பெயரைச் சொல்லவில்லை.
மூவாயிரத்து எண்ணூற்றுப் பத்து.
இங்கேயே வேலை பார்ப்பவர்களுக்கு?
அவர்களுக்கும் அதேதான், டியர்.
ஆனை விலை.
ஆனையைத் தினமும் குளிப்பாட்டுகிறவளுக்கும்
ஆனை விலைதான்.

கடைசியாக டயர் கடைக்குப் பக்கத்துக் கட்டடம்.
இன்ஷூரன்ஸ் இருக்கா?
இருக்கு.
அப்ப ஆயிரத்து முந்நூறு, உங்க கைக்காசு.
இல்லாதவங்களுக்கு?
நானூற்று எழுபது. ரொக்கம்.
மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கும் இருநூற்றுப் பன்னிரண்டை
மனசுக்குள் பதினோரு வருடத்தால் பெருக்கப் போய்
பாதியில் விட்டாள்.
இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு அந்த ஆள் தொண்டையைச் செருமினான்.
மேடம், லைன் சரியில்ல, நீங்க சொன்னது காதுல விழல.
திரும்பக் கேக்கறேன்.
இன்ஷூரன்ஸ் இருக்கா?

ஞாயிறு தவறாமல் சர்ச்சில் இரண்டாம் வரிசையில் உட்காருகிறவள்
கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.
இல்லை.

வியாழக்கிழமை.
அந்தப் பெண் சொல்லத் தொடங்கும் முன்பே
மோதிரம், ஊசி, சாவி எல்லாவற்றையும்
கிண்ணத்தில் போட்டுவிட்டாள்.
முன்னாடி எடுத்திருக்கீங்களா?
இல்ல, சும்மா தெரியும்.
படுக்கும்போது கண் மூலைக்குப் போயிற்று.
தூசி.
மாப்பை மூலைவரை தள்ளாதவர்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ டயருக்கு நட்டு முடுக்கினார்கள்.
இந்தப் பக்கம் இயந்திரம் இடித்தது.
எந்தச் சத்தம் காருக்கு, எது தன் காலுக்கு என்று
கொஞ்ச நேரம் பிரித்துப் பார்த்தாள், முடியவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது,
அந்த உறைக்குள் இருந்ததைக் கட்ட
நேற்றுதான் கடைசி நாள்.

ஆடாதீங்க, என்றது ஒலிபெருக்கி.

அவள் ஆடவில்லை.